நான் எழுதிய குறிப்பில் பிழை இல்லை

எக்ஸ்எம்எல் கோப்பில் குறிப்பு எழுதுவது எப்படி என்று பலருக்கும் தெரிவதில்லை இன்ஸ்பெக்டர் சார். தெரிந்தவர்களும் அவசரத்தில் அரைகுறையாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். உட்காரச் சொன்னீர்கள், மன்னிக்க வேண்டும், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

என் பெயர் நாகநாதன். காரைக்குடியில் கேஸ் கசிவு அலாரம் பொருத்தும் சிறு கம்பெனியில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த அறை அலாரம் எந்த அளவு கேஸ் கசிந்தால் கத்த வேண்டும் என்பது கம்ப்யூட்டரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் வரிவரியாக இருக்கும். ஆபீஸில் இருந்தபடியே திருத்தலாம். ஒரு தொடக்கக்குறியும் ஒரு முடிவுக்குறியும் போட்டு நடுவில் எதை வைத்தாலும் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. அதுதான் குறிப்பு, மனிதர் மனிதருக்கு எழுதுவது. ஒரு வரியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கவும் அதே குறிகளுக்குள் அடைத்துவிடுவோம்.

'அளவு பத்து' என்று குறிப்பு எழுதி என்ன பயன்? அதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. ஏன் பத்து, யார் சொன்னது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும், இதெல்லாம் வேண்டும். நான் எழுதியவை அப்படி இருந்தன.

சிவபிரகாஷ் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முதலாளி கோப்புகளை அவன் பொறுப்பில் விட்டார். ஒரு திங்கட்கிழமை திறந்து பார்க்கிறேன், பதினான்கு வருடத்துக் குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை.

"அதையெல்லாம் தூக்கிட்டேண்ணே," என்றான். "மெஷினே படிக்காததை மனுசன் உக்காந்து படிப்பானா? கதை கதையால்ல எழுதி வச்சிருக்கீக."

எனக்கு வலித்தது. ஆனால் அவனைத் திட்டவில்லை. படித்தே தீர வேண்டிய ஒரு நாள் அவனுக்கும் வரும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதமே வந்தது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். தாளிக்கும்போதெல்லாம் அடுப்படி அலாரம் கத்துகிறது என்று அங்கிருந்து புகார். வேறு சென்சார் வரும்வரை அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்த நினைத்த சிவபிரகாஷ், முடிவுக்குறியை இரண்டு வரி தள்ளிப் போட்டுவிட்டான். அடுப்படியோடு சாமான் அறையும் சிலிண்டர் அறையும் சேர்ந்து அடங்கிவிட்டன.

அன்று மாலையே நான் பார்த்துவிட்டேன். கை பரபரத்தது. குறியை மேலே தூக்கி வைக்க நான்கு விநாடி போதும். ஆனால் அடுத்தவர் பொறுப்பில் கைவைப்பது மரியாதை இல்லை. குறிப்பு மட்டும் எழுதினேன். குறிப்புக்குள் குறிப்பு வைக்கக் கூடாது என்பதால், அந்த வரிகளுக்கு மேலே தனியாக எழுதினேன். 'முடிவுக்குறி இரண்டு வரி தள்ளி விழுந்திருக்கிறது. சாமான் அறை, சிலிண்டர் அறை அலாரங்கள் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும். நாகநாதன்.' தேதியும் போட்டேன். அதில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம்.

அதன் பிறகு பதினோரு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோப்பை யார் திறந்தார்கள் என்று மணிக்கு மூன்று முறை பார்த்தேன். டீக்கடைக்குப் போனால் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வருவேன். சிவபிரகாஷ் இரண்டு முறை திறந்தான். இரண்டு முறையும் நேரே கடைசிக்குப் போய் ஒரு போன் நம்பரை மாற்றிவிட்டு மூடிவிட்டான். அவன் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாயால் சொல்வதென்றால் குறிப்பு எதற்கு?

பதினோராம் நாள் பகல் மூன்று மணிக்கு, விருந்தினர்களுக்குப் பலகாரம் போட, அந்த ஓட்டலின் சமையல்காரர் அக்கம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார். சிலிண்டர் அறையில் கசிந்த கேஸ் அடுப்படிவரை பரவியிருந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் அபிக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

அன்றுதான் சிவபிரகாஷ் கோப்பை முதல் வரியிலிருந்து படித்தான். என் மேசைக்கு வந்து நின்றான்.

"இதை எப்பண்ணே எழுதுனீக?"

"தேதி போட்டிருக்கேன்ல," என்றேன்.

தரையில் உட்கார்ந்து அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள், ஆபீஸில் உட்கார முடியாமல், யாரும் கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஓட்டலுக்குப் போனேன். அக்கம்மாள் காபி கொடுத்தார்.

"நல்ல நேரத்துல வந்தீக தம்பி. முந்தியெல்லாம் தாளிச்சாலே கத்தும், இப்பச் சத்தத்தையே காணோம். அந்தா, அங்குட்டு சிலிண்டர் ரூம்புப் பக்கம் லேசா வாடை வேற அடிக்கிற மாதிரி இருக்கு. ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்களேன்."

நான் போய்க் கதவருகே நின்றேன். வாடை அடிக்கத்தான் செய்தது.

"மெஷின் கத்தலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்க்கா," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதேன்," என்று அவர் உள்ளே போய்விட்டார். காபியை முழுதாகக் குடித்தேன். அந்தப் பதினோரு நாளில் நான் மிச்சம் வைக்காமல் குடித்தது அது ஒன்றுதான்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லியிருந்தால் சிவபிரகாஷ் அந்தக் குறிப்பைப் படித்திருக்கவே மாட்டான் சார்.