பேர் தெரியாத விளக்கு

இறந்தவர்களுக்கு மோட்ச விளக்கு ஏற்ற, திருமயம் கோயிலில் பேர் கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கையில் இரண்டு அகல்கள்.

"எங்க மாமனாரு வருஷா வருஷம் பேர் தெரியாதவங்களுக்கு வெளக்கு ஏத்துவாருக்கா."

ஓரடி நெருங்கி நின்றேன்.

"பேர் தெரியாம எப்பிடி ஆத்தா?"

"சண்டையில குண்டு போடுற பிளேன்ல இருந்தாருல்ல. அந்தச் சண்டை நடந்த மாசத்துல ஏத்துவாரு. கீழ யாரு இருந்தாங்கன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"பெறகு பாசஞ்சர் பிளேனும் ஓட்டுனாரே?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும். எத்தன ஆயிரம் பேரப் பத்திரமா எறக்கி விட்டாரு! அதக் கேட்டா விடிய விடியப் பேசுவாரு. இதக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு."

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே. இன்னமும் நீ எதுக்கு ஏத்துற?"

"அதான் எனக்கும் தெரியலக்கா. ஆனா மாசம் பொறந்ததும் கை தானா அகலத் தேடுது."

அதற்குள் இருவரும் குருக்களுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். மாமனாரின் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள்.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"பேர் தெரியாது, சாமி."

சற்றுத் தயங்கிக் கேட்டாள்: "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாமா?"