அட்டையும் கைராசியும்

நல்ல அட்டை இப்போதெல்லாம் கிடைப்பதில்லை, ஐயா. செருப்புப் பெட்டி அட்டை வழவழப்பானது. டீசல் பட்டால் வழுக்கி ஓடிவிடும். முட்டை அடுக்கி வரும் பெட்டியின் அட்டைதான் சரி. சொரசொரப்பாக இருக்கும். துளி பட்டாலும் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். டிராக்டரின் டீசல் பம்பிலிருந்து என்ஜினுக்கு நான்கு இரும்புக் குழாய்கள் போகின்றன. பென்சில் தடிமன்தான் இருக்கும். உள்ளே டீசல் பாய்கிற அழுத்தத்தில், மயிரிழை விரிசல் விழுந்தால்கூட வெளியே சொட்டாது; கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பீறிடும். ஆகவே என்ஜினை ஓடவிட்டு, குழாயோரமாக அட்டையை மெதுவாக நகர்த்த வேண்டும். எங்கே ஈரக்கோடு விழுகிறதோ அங்கே கசிவு. இருபத்திரண்டு வருடமாக நான் இப்படித்தான் பார்க்கிறேன். அதனால் பட்டறையில் எனக்குப் பெயர் அட்டை. ரத்தம் குடிக்கிற அட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. நான் உள்ளே நுழைந்தால், "உப்பு எடுங்கப்பா, அட்டை வந்தாச்சு" என்பார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர்; பட்டறையில் என் கூட்டாளி. அவருக்கும் ஒரு பெயர் உண்டு: கைராசி. அவர் கை பட்டால் வண்டி ஓடுமாம். நான் மூன்று நாள் பம்பைப் பிரித்து, கழுவி, வாஷர் மாற்றிப் பூட்டி வைப்பேன். அவர் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகுவார். வண்டி கிளம்பும். "கைன்னா இது கை" என்பார் வண்டிக்காரர். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தேதி மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். முப்பத்தொரு தடவை.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை மாலை, வாடிக்கையாக எங்களிடம் வரும் மீசைக்காரரின் டிராக்டர் வந்தது. டீசல் வாடை அடிக்கிறது, இழுவை குறைந்துவிட்டது என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். நான் முதல் பார்வை பார்த்துவிட்டு, காலையில் வரச் சொன்னேன்.

வியாழன் காலை பத்து மணிக்குப் பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் வண்டியருகே போனதும் மீசைக்காரர், "நீங்க சித்த தள்ளுங்க, கைராசி பாக்கட்டும்" என்றார். தள்ளினேன்.

"என்ன மச்சான், இன்னைக்கு அட்டையக் காணோம்? உப்புல கரைஞ்சு போச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"உங்க கை இருக்கறப்போ அட்டை எதுக்கு மாப்பிள்ளை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் நான் சொல்லி அங்கே சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அவர் குழாய்களைத் தடவ ஆரம்பித்தார். "மூணாவதுல வாடை தூக்கலா இருக்கு, கொஞ்சம் கீழ பாருங்க" என்றேன். என்ஜின் வேகத்தையும் சற்றுக் கூட்டிக் கொடுத்தேன். அழுத்தம் ஏறினால்தான் கசிவு தெரியும். அது முறைதான்; எந்த மெக்கானிக்கையும் கேட்டுப் பாருங்கள்.

"ஸ்ஸ்... சுருக்குன்னுச்சு" என்று கையை உதறினார். பிறகு அவரே சிரித்தார். "இங்கதான் மச்சான். அட்டையாம் அட்டை. இனிமே அதுல முட்டையே அடுக்கி வைங்க."

அவர் நீட்டிய விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி, எறும்பு கடித்த அளவு. ரத்தம்கூட இல்லை. "குழாய் பிசிறு குத்திருக்கும்" என்று துணியால் துடைத்துவிட்டேன். குழாயை மாற்றினோம். மதியத்துக்குள் மீசைக்காரர் கைராசியைப் புகழ்ந்துகொண்டே வண்டியை ஓட்டிப் போனார்.

பம்போடு வந்த கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறது. டீசல் தோலைத் துளைத்தால் முதலில் வலிக்காது. உள்ளே சதையைக் கெடுத்துக்கொண்டே மேலேறும். சில மணி நேரத்துக்குள் கீறிச் சுத்தம் செய்யாவிட்டால் விரல் போகும், கையும் போகலாம். அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுச் சுவரில் ஒட்டியவன் நான். அதன்மேல் காலண்டரை மாட்டியவர் மாப்பிள்ளை. அது என் தவறாகாது.

நாலு மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இவருக்கு விரல் வெளுத்து வீங்கிக் கெடக்கு. மரத்துப் போச்சுங்கறாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?"

"பிசிறு குத்துனதுக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா? வெந்நீர் ஒத்தடம் குடு. காலையில பாத்துக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் ஒத்தடம் கொடுத்தாள். சொன்னதைச் செய்கிற பெண். மறுநாள் காலையில் முழங்கை வரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி பிடித்தேன். படிவங்களையெல்லாம் நான்தான் நிரப்பினேன். சனிக்கிழமை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒத்தடம் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்று அவள் அழுகிறாள். உன்மேல் தப்பில்லை என்று தினமும் சொல்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறாள்.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் கிடைத்தது. விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்காவது வரியில்தான் பிழை. "கசிவைக் கண்டுபிடித்தவர்: பாதிக்கப்பட்டவர்" என்று இருக்கிறது.

கண்டுபிடித்தது நான். புதன்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, மூன்றாம் குழாய், மேல் நட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே. பார்த்த பிறகு குழாயைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு, அட்டையை அலமாரியில் பூட்டினேன். அந்த அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஈரக்கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்தில் தேதி, நேரம், குழாய் எண், என் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன.

இந்தத் திருத்தத்துக்கு மாப்பிள்ளையின் கையெழுத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. போனது வலது கை என்று மூன்றாவது வரியில் சரியாகவே குறித்திருக்கிறீர்கள்.