தீட்டுப்பட்ட கல்

கல்லைக் கொண்டுபோய்க் கோயிலுக்குள்ள வச்சாங்க. தப்பு அங்கதான்.

வெள்ளைக்காரன் காலம். மாந்தாங்கல்னு ஓர் ஊர். ஏரிக்கு இந்தாண்டை ஊரு, அந்தாண்டை சேரி. ஜெர்மன்காரனோட சண்டைன்னு தமுக்கு அடிச்சு ஆள் கேட்டாங்களாம். ஊருல ஒருத்தன் அசையலை. போனவன் பூராவும் சேரிக்காரன். கப்பலேறி ஈராக் பக்கம் பஸ்ராவுக்குப் போனானுங்க. திரும்பலை. எலும்புகூடத் திரும்பலை.

அதுல ஒருத்தன் சின்னாண்டி. ஆத்தாவுக்கு ஒத்தைப் புள்ளை. பொணம் வரலை, அதனால கருமாதி இல்லை, படையல் இல்லை. எங்க வச்சுப் படைக்கிறது? "எம் புள்ளை பசியோட நிக்கிறான்"னு சொல்லிக்கிட்டே கிடப்பாளாம்.

சண்டை முடிஞ்சு சர்க்கார் ஒரு கல்லு அனுப்புச்சு. செத்தவங்க பேரை வெட்டின கல்லு. மணியக்காரர் அருணகிரி என்ன சொன்னாராம்? "ஊருக்கு வந்த மரியாதைடா. ஈசுவரன் கோயில் பிராகாரத்துல நிறுத்துங்க." நிறுத்தினாங்க. பால் ஊத்தினாங்க, மாலை போட்டாங்க. வருசா வருசம் துரை வருவான், மேளம் கொட்டும், ஊரே நெஞ்சை நிமித்தி நிக்கும். பெத்தவங்க மட்டும் தேரடிக்கு அந்தாண்டை, வெயில்ல. சேரிக்காரன் கோயில் படி மிதிக்கக்கூடாத காலம். விளங்குதா?

ஒரு வருசம், துரை வந்த அன்னைக்கு, சின்னாண்டி ஆத்தா கருவாட்டுக் கொழம்புச் சட்டியோட வந்து நின்னாளாம்.

"சாமி, அந்தக் கல்லை ஒரு தரம் தொட்டுக்கறேன். இதைப் படைச்சுட்டுப் போயிடறேன்."

"கோயில்ல கருவாடா? மூளை கெட்டவளே!"ன்னாராம் மணியக்காரர். "குருக்கள் சர்க்கரைப் பொங்கல் படைக்கிறாரு. உம் மவனுக்கு அது ஆகாதோ?"

"ஆகாது சாமி. அவன் இனிப்புத் தொடமாட்டான்."

ஊரு சிரிச்சுதாம். சிரிப்பு அடங்கற வரைக்கும் நின்னா. அப்புறம் கேட்டா.

"நான் தொட்டாத் தீட்டு?"

"தீட்டு."

"எம் புள்ளை?"

"அவனும்தான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ அவன் பேரு?"

குருக்கள் திரும்பிக் கல்லைப் பார்த்தாராம். மூஞ்சி வெளுத்துப் போச்சாம்.

"ஐயரே!"ன்னு கத்தினா, தேரடி அதிர. "எங்க சேரியையே உள்ள கூட்டி வச்சுப் பால் ஊத்தியிருக்கீங்க! கோயிலு பூரா தீட்டு! சாத்துங்க! சாத்திட்டுக் கழுவுங்க!"

சாத்தினாங்க. அன்னைக்கே சாத்தினாங்க. மாலை போட்ட கைதான், இப்போ கல்லைத் தொடக் கூசுச்சாம். மூங்கில் கழியால நெம்பி, கயிறு போட்டு இழுத்து, ஏரிக்கரைப் பள்ளத்துல குப்புறத் தள்ளினாங்க. துரை பார்த்துக்கிட்டு நின்னான். அவனுக்கென்ன.

அவளுக்கு வேண்டியதும் அதுதான். கல்லு வெளிய வரணும். சேரிப் பொம்பளைங்களைக் கூட்டி நிமித்தி நட்டா. சேத்தைக் கழுவினா. வெட்டியிருந்த பேரையெல்லாம் விரலால தடவினா. சட்டியை இறக்கி வச்சா.

"தின்னுடா."

அவ்வளவுதான் சொன்னாளாம்.

இன்னைக்கும் அந்த நாள்ல ஏரிக்கரையில படையல் உண்டு. கருவாட்டுக் கொழம்புதான், இனிப்பு கிடையாது. இப்போ ஊர்க்காரங்களும் மாலையோட வராங்க. எங்க ஊரு வீரனுங்கன்னு மைக்குல பேசறாங்க. பேசட்டும். ஆனா முன்னாடி நிக்கறது சேரிப் பொம்பளைங்க. மாலைக்காரங்க பின்னாடிதான், வெயில்ல.

செத்தவங்க பேரு கல்லுல இருக்கு. நட்டவ பேரை எவனும் வெட்டலை. கேட்டுக்குங்க.

காத்தாயி.