பின்சீட்டுக்கு அடியில் போன ஒயர்

எழுபது வருடத்து ஒயரை இரண்டு விரலால் பிடித்தாலே போதும் கேப்டன், மேலே சுற்றிய துணி வறுத்த வேர்க்கடலைத் தோல் மாதிரி உதிர்ந்துவிடும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஒஸ்மெலின் பிளிமத் காரில் எல்லா ஒயரும் அப்படித்தான் இருந்தது. முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் கமாகுவே ஊரில் எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

ஒஸ்மெல் என் தங்கை நெரெய்தாவின் கணவன். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தக் காரில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு தினமும் நுயெவிதாஸ் துறைமுகம் வரை வாடகைச் சவாரி போய் வருவான். நல்ல மனிதன். இதை என் வாக்குமூலத்தில் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பகை என்று பிறகு யாராவது சொல்வார்கள். பகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் டொமினோ ஆடுவோம். தோற்றாலும் சிரிப்பான்.

நெரெய்தாவுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. எனக்கு அப்போது இருபத்தொன்று. அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சல் வந்தால் கருப்பு பீன்ஸை வேகவைத்து மசித்து ஊட்டியது எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரமும் இல்லை, தேவையும் தோன்றவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது தூரத்தில் சாந்தியாகோ நகரத்தில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. தபால்காரனிடம் நான்தான் வாங்கினேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். தன்னை எடுக்கவில்லை என்று நினைத்து இரண்டு மாதம் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். ஊசி போட்டால் பிள்ளைகள் அழத்தான் செய்யும். அதற்காகப் போடாமல் இருக்கிறோமா?

ஒஸ்மெல் பெண் கேட்டு வந்தபோது நான் குறுக்கே நிற்கவில்லை. இந்த வீட்டிலேயே இருப்பதென்றால் சம்மதம் என்றேன். சரி என்றான்.

போன வருடம் அவனுடைய சொந்த ஊரான கிபாராவில் அவனுடைய அப்பா இறந்தார். கடலைப் பார்த்த வீடு, ஒஸ்மெலின் அக்கா பெல்கிஸ் மட்டும் தனியாக இருந்தாள். ஒரு நாள் காலையில் காபி குடிக்கும்போது ஒஸ்மெல் பேச்சை ஆரம்பித்தான்.

“இங்க தண்ணி எப்ப வரும்னு குழாயப் பாத்துட்டு உக்காந்திருக்கோம் மச்சான். அங்க போனா கடலப் பாத்துட்டு உக்காரலாம். கார் இருக்கு, எந்த ஊர்லயும் பொழச்சுக்கலாம்.”

நான் நெரெய்தாவைப் பார்த்தேன். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் வாயேன் அண்ணே,” என்றாள்.

அந்த ‘ஏன்’ என்ற இழுப்பு எனக்குப் புரிந்தது. விருந்தாளி கிளம்பும்போது இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயேன் என்போமே, அந்த மாதிரி. என் பட்டறை இங்கே இருக்கிறது, நான் வரவில்லை என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்ததாக நினைத்தேன். அப்படி இருக்காது, வெயிலாக இருக்கும்.

அவ்வளவு தூரம் போவதற்குள் இந்த ஒயர் எரிந்துவிடும், புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று அன்றே சொன்னேன். கல்யாணப் பரிசு கொடுத்த மாதிரி ஒஸ்மெல் என்னைக் கட்டிக்கொண்டான்.

மூன்று வாரம் வேலை செய்தேன். உடைத்துப் போட்ட கரும்பாலை ஒன்றிலிருந்து ஒயர் கிடைத்தது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே என்று நெரெய்தா தையல் பெட்டியைக் கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஹெட்லைட்டுக்குச் சிவப்பு நூல், ஹாரனுக்கு மஞ்சள், வைப்பருக்கு நீலம் என்று முனைகளில் கட்டிக் கொடுத்தாள். நான் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையை நீட்டினால், கேட்காமலே சரியான ஒயரை வைப்பாள். சின்ன வயதில் பட்டறையில் அப்படித்தான் இருப்பாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் எனக்கு நினைவில்லை.

நாற்பதுக்கு மேற்பட்ட ஒயர்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் என் கைக்குத் தெரிந்த அளவு சுத்தமாகச் செய்தேன்.

அந்தக் காரின் டாங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்து பல காலம். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் இருக்கும். அதை முன்னால் தள்ள ஒரு சின்ன மோட்டார் உண்டு. இங்கே பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன, நீங்களும் ஏறியிருப்பீர்கள். அந்த மோட்டாருக்குப் போகும் ஒயர் பின்சீட்டுக்கு அடியில் ஓடி, தகரத்தில் ஒரு துளை வழியாக டிக்கிக்குள் நுழையும். துளையில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்கத் தகரம் ஒயரை அறுத்துப் பொறி பறக்கும். நான் வைக்கவில்லை. துளையின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் கூராக்கினேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கம்பியை முறுக்கிவிட்டேன். இது மறதி இல்லை. நாற்பது வருடத் தொழிலில் நான் எதையும் மறந்ததில்லை.

காரை மட்டும் கொளுத்தத்தான் நினைத்தாயா என்று நேற்று கேட்டீர்கள். அதற்கு முற்றத்திலேயே ஒரு தீக்குச்சி போதும் கேப்டன். கார் போனால் ஒஸ்மெல் வேறு கார் தேடுவான். அவன் இருக்கும்வரை கிபாராவும் இருக்கும்.

சாமான்களுக்கு ஒரு லாரி பேசியிருந்தோம். ஃபிரிட்ஜும் தையல் மெஷினும் உடைந்துவிடும், கூட ஒரு ஆள் வேண்டும், நீ லாரியில் போ என்று நெரெய்தாவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தேன். சரி என்றாள். என் சொல்லை அவள் தட்டியதில்லை.

கிளம்பும் அன்று காலை எட்டு மணி. லாரி முன்னால் நின்றது. அவள் அதில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“இவரு தனியா ஓட்டுனா தூங்கி வழிவாரு அண்ணே. பேச்சுத் துணைக்கு நான் கூடப் போறேன்.”

“எம்பொண்டாட்டிக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை, மச்சான்,” என்று ஒஸ்மெல் சிரித்தான்.

பின்சீட்டில் மூட்டைகள் இருந்ததால் முன்னால் உட்கார்ந்தாள். நிறுத்தச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவன் கண்ணாடியைத் துடைத்தான், சாவியைப் போட்டான், பக்கத்து வீட்டு ஒடாலிஸிடம் போய் வருகிறேன் என்றான். இரண்டு நிமிடமாவது இருக்கும். நிறுத்து என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் அவள் என்னை வெறுத்துக்கொண்டே போவாள். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறாள். எப்படியும் போகிறவள்தான் என்று நினைத்தேன். கையசைத்தேன்.

குவைமரோ ஊரைத் தாண்டியதும் கார் எரிந்தது. ஒஸ்மெல் உடனே இறங்கிவிட்டானாம். அவள் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. சுற்றி ஓடி வந்து வெளியிலிருந்து திறந்து, அவளை இழுத்து ரோட்டில் தள்ளியிருக்கிறான். அதற்குள் கேன் வெடித்துவிட்டது, அவன் அங்கேயே செத்துப்போனான். அவன் அப்படிச் செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நல்ல மனிதன் என்று முதலிலேயே சொன்னேன்.

பழைய கார், வெயில் காலம் என்று எழுதி உங்கள் ஆட்கள் அப்போது முடித்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நெரெய்தா வீட்டுக்கு வந்தாள். கண் இரண்டும் போய்விட்டது. விரல்கள் மடங்காது. நான் பட்டறையை மூடிவிட்டேன். காலையில் குளிப்பாட்டி, முடி இருக்கும் பக்கமாக வாரிவிட்டு, பீன்ஸை மசித்து ஊட்டினேன். பாதியில் வாயை மூடிக்கொள்வாள், பொறுமையாகக் காத்திருப்பேன். வீடு பழையபடி ஆகிவிட்டது. கிபாரா என்ற பேச்சே இல்லை.

ஒரே ஒரு முறை கேட்டாள். மத்தியானம், சாப்பாட்டின் நடுவில்.

“என்னை எதுக்கு அண்ணே லாரியில போகச் சொன்ன?”

“நீ பத்திரமா இருக்கணும்னுதான்,” என்றேன்.

அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டேன். புண்ணுக்கு மருந்து கட்ட வரும் ஒடாலிஸோடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினாள்.

அவள் சொல்லச் சொல்ல ஒடாலிஸ் எழுதிய புகார் இது என்கிறீர்கள். கீழே இருப்பது அவளுடைய கட்டைவிரல் ரேகை என்கிறீர்கள். அந்த விரலில் ரேகையே கிடையாது கேப்டன், தினமும் அந்தக் கையைக் கழுவிவிட்டது நான்தான். ஒடாலிஸுக்கு எங்கள் வீட்டின் மேல் எப்போதுமே ஒரு கண். இருந்தாலும் அதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஒஸ்மெலைக் கொன்றது நான். அவளையும் தெரிந்தேதான் அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை பெல்கிஸ் வந்து அவளைக் கிபாராவுக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். யாரோ ஒருவரின் வாடகைக் கார் என்கிறீர்கள், யாருடையது என்றுகூட உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கிளம்புவதற்கு முன் அந்தக் காரின் ஒயரிங்கை நானே ஒரு தடவை பார்த்து அனுப்பியிருப்பேன்.