கூடுதல் எண்ணிக்கை

— இல்லைங்க, இந்த ஸ்கேன் கேமராவை மூணு தடவை கதிரை எண்ண விட்டுட்டேன். நேத்தைவிட எக்கச்சக்கமா காட்டுது.

— தூக்கக் கலக்கத்துல ஏதாவது பட்டனை அமுக்கியிருப்ப தாயே.

— புருஷன்னா இங்கயும் வாய்க்கு வந்ததைப் பேசலாமா? இந்தக் கேமராவுக்கு நான்தான் பொறுப்பு. வெளியில நாலு நோயாளிங்க உட்கார்ந்திருக்காங்க. கதிரை எண்ணற சென்சிடிவிட்டி சரியில்லைன்னா அவங்களுக்குக் கதிர் மருந்து ஊசியே போட முடியாது.

— கேமரா முன்னாடி மாட்டற கொலிமேட்டர்னா என்ன? ஓட்டை போட்ட ஈயத் தட்டு. ராத்திரியோட ராத்திரியா ஓட்டை பெருசாகி, கதிரை வாரி வாரி உள்ள விடுமா? நீதான் சோதனை மருந்தைக் கூடுதலா அளந்திருப்ப. தள்ளு, நான் பார்க்கறேன்.

— பாருங்க, குனியறப்பவே முகம் சுருங்குது. இடுப்புதானே?

— வயசு வலி.

— ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி கட்டி எடுத்த உடம்புங்க அது. எலும்புக்குப் பரவியிருக்கான்னு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்னா, ஓடி ஓடி ஒளியறீங்க.

— ஆரம்பிச்சுட்டியா? இரு, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்.

— காலையிலேர்ந்து எத்தனை பாட்டில்தான் குடிப்பீங்களோ! போங்க, போங்க.

— ...வந்துட்டேன். என்ன சொல்றா உன் கேமரா?

— இப்பதான் எண்ணினேன். நேத்து மாதிரியே சரியா வந்துச்சு.

— பார்த்தியா! நான் வெளியில போனாத்தான் உனக்கு வேலை ஓடும். எங்க, காட்டு.

— அய்யோ, மறுபடி ஏறுதே! இருங்க, சோதனை மருந்தை எடுத்து ஈயப் பெட்டியில மூடிடறேன். ...மூடியாச்சு. கேமரா முன்னாடி இப்ப ஒண்ணுமே இல்ல. நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு.

— மிஷின் பழசாயிடுச்சு தாயே.

— கதவுகிட்ட போய் நில்லுங்க.

— எதுக்கு?

— போங்கன்னா போங்க. ...ம், அடங்கிடுச்சு. இப்ப வாங்க. ...ஏறுது. கதிர் உங்க உடம்புலேர்ந்து வருது. எங்க போய் ஊசி போட்டுக்கிட்டீங்க?

— பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரியில, எலும்பு ஸ்கேனுக்குத்தான். எட்டு மணிக்கு. நிறையத் தண்ணி குடிச்சுட்டு, பதினோரு மணிக்குப் படம் எடுக்க வரச் சொன்னாங்க. இருபது வருஷமா இதே வேலை பார்க்கற எனக்கே, கேமரா என்னைக் காட்டிக்கொடுக்கும்னு தோணவே இல்ல பாரு.

— நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப, அங்க எதுக்குப் போனீங்க?

— நீ திரையைப் பார்ப்ப. நான் படுத்துக்கிட்டு உன் முகத்தைப் பார்ப்பேன். உனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. எனக்குப் படத்தைப் பார்த்துப் பயமில்ல, உன் முகம் மாறிடுமோன்னுதான் பயம்.

— அழ வெக்காதீங்க. பதினோரு மணிக்கு நீங்க ஏறிப் படுக்கறது இந்தக் கேமராவுலதான். அவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.

— அப்ப பெரிய ஓட்டைத் தட்டைப் போடு. கதிர் நிறைய உள்ள வரும், சட்டுனு முடிஞ்சுடும்.

— படமும் கலங்கலா வரும், ரெண்டு பேரும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம், அதானே? சின்ன ஓட்டைதான். அரை மணி நேரம் அசையாம படுங்க.

— உன் முகம்?

— அது உங்க கண்ணுல படாது. இன்னிக்குத் திரையை உங்க பக்கம் திருப்பி வெச்சுடறேன். நீங்க படத்தைப் பாருங்க, நான் உங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன்.