மருந்து கலக்காத ஊசி

– மூணு தடவை பண்ணிட்டேன் அக்கா. மருந்தே கலக்காம, அதைக் கரைக்கிற வெறும் சால்வென்ட்டை மட்டும்தான் ஊசியில போட்டேன். அந்த எலிகளுக்கும் நாம வர வச்ச பாத வீக்கம் வடிஞ்சிடுது.

– உன் கை சரியில்ல புள்ள. அளவு தப்பியிருக்கும்.

– ஒரு தடவை தப்பும். மூணு தடவையுமா?

– இங்க பாரு. இதே மருந்துலதான் நாலு வருஷம் முன்னாடி நான் டாக்டரேட் வாங்கினேன். அதை வச்சுத்தான் இங்கயே வாத்தியார் வேலையும் கிடைச்சுது. வெறும் சால்வென்ட் போட்ட ஆறு எலிக்கும் வீக்கம் அப்படியே இருந்துச்சு, மருந்து போட்டதுக்குத்தான் வடிஞ்சுது. தீசிஸ்ல இருக்கு, போய்ப் படி.

– படிச்சுப் படிச்சு மனப்பாடமே ஆயிடுச்சு. அதனாலதான் ரெண்டு மாசமா என் மேலயே சந்தேகம். சோறு இறங்கல.

– அப்புறம் என்ன? அந்த ஒரு குரூப்புக்கு மட்டும் என் நம்பரை எடுத்துப் போட்டுக்கோ. கைடும் அதைத்தான் சொல்றாரு. சட்டுபுட்டுன்னு முடிச்சிட்டு ஒரு வேலையில போய்ச் சேரு.

– மாட்டேன்.

– இப்படியே முரண்டு பிடிச்சா ஆறாவது வருஷமும் இங்க எலிக்கூண்டு கழுவிக்கிட்டுதான் இருப்பே.

– கழுவுறேன். இதே மருந்தை மாத்திரையாக்கி அடுத்த மாசம் மூட்டு வலிக்காரங்க நாப்பது பேருக்குக் குடுக்கப் போறாங்க. வழக்கமா சாப்பிடற மாத்திரையை நிறுத்திட்டு இதை முழுங்கப் போறாங்க அக்கா. இதுல ஒண்ணுமே இல்லைன்னா?

– அதை நீ ஒருத்திதான் சுமக்கணும்னு யாரு சொன்னா?

– யாரும் சொல்லல. கண்ணால பார்த்தது நான்தானே.

– கைடு கையெழுத்துப் போட மாட்டாரு புள்ள.

– போடலைன்னா டீன்கிட்ட போவேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலையில நாலாவது தடவை பண்றேன். நீங்க வந்து உங்க கையால ஊசி போடுங்க. வீக்கம் வடியலைன்னா, தப்பு என் கையிலதான்னு ஒத்துக்கிட்டு முதல்ல இருந்து கத்துக்கறேன்.

– என்னை எதுக்குடி இதுல இழுக்கற?

– உங்களைத் தவிர இதைச் சரியாப் பண்ணினவங்க வேற யாரும் இல்லையே.

– சரியாப் பண்ணினவளா? நானா?

– அக்கா? ஏன் உட்கார்ந்துட்டீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?

– வேணாம். உன் லேப் நோட்டை எடு.

– எதுக்கு?

– தேதி போட்டு எழுதிக்கோ, கீழ நான் கையெழுத்துப் போடறேன். அந்த ஆறு எலிக்கு நான் ஊசியே போடல புள்ள. நம்பரை மட்டும்தான் போட்டேன்.