வடக்கயிறு படத்தின் கடைசி ரீல்

படம் பார்க்கும்போது முறுக்குத் தின்னக் கூடாது என்பது என் கட்சி. கடலை மிட்டாய் என்றால் பரவாயில்லை, வாயிலேயே ஊறிவிடும். திரையில் ஒருத்தி சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் மொறுக்கென்று கடித்தால் அந்த அழுகை அங்கேயே செத்துப்போகும். செங்கோட்டையக் கவுண்டர் முறுக்குக்காரர். ஆனால் காரணம் அதுவல்ல. முறுக்குக்காக யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நிதா அம்மணி, நீங்கள் "ஐயா, கதை வேண்டாமுங்க, நடந்தத மட்டும் எழுதுங்க" என்று சொல்லி வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பீளமேட்டில் யாரிடமோ விசாரித்திருப்பீர்கள். இந்த வெங்கடபதி நாயுடு வாயைத் திறந்தால் பாதிதான் உண்மை என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் தாராள மனசுக்காரர்கள்.

எங்கள் குடும்பத்து மில் மூடிக் கிடக்கிறது. அதன் பஞ்சுக் கிடங்கு மட்டும் என் பாகத்துக்கு வந்தது. சன்னல் கிடையாது, சுவர் இரண்டு முழக் கனம், உள்ளே இடி இடித்தால் வெளியே தெரியாது. படம் பார்க்க இதைவிட நல்ல இடம் கோயமுத்தூரில் இல்லை. திரை கட்டினேன், புரொஜெக்டர் வாங்கினேன். நாற்காலிகள் கவுண்டர் கொடுத்தவை. கிணத்துக்கடவில் அவருக்கு ஒரு தியேட்டர் இருந்தது. அதை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கியபோது, உயரமான முதுகு வைத்த பால்கனி நாற்காலிகளை எனக்கு அனுப்பிவைத்தார். அவரிடம் நல்ல குணம் நிறைய உண்டு. அதையும் எழுதுவதுதான் முறை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடுவோம். நான், கவுண்டர், ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் வேலுமணி. சில நாள் இன்னும் இரண்டு பேர். யாரும் பார்க்காத படம், ஊரைக் கூட்டி எரித்த படம், எடுத்தவனே மறந்துவிட்ட படம், இவைதான் எங்களுக்கு. தடை செய்த படமெல்லாம் பெரிய படம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அது இல்லை. பாதிப் படங்கள் தடை செய்திருக்காவிட்டால் மூன்றாம் நாள் தானாகவே செத்திருக்கும். போலந்துக்காரன் ஒருவன் எடுத்த படம் போட்டேன். கசாப்புக் கடைக்காரர் ஒருவர் கடையைப் பூட்டினோமா இல்லையா என்று நினைத்துக்கொண்டே ஊரெல்லாம் நடக்கிறார். அவ்வளவுதான் படம். கடைசியில் கதவைக் காட்டுவான் பாருங்கள், எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலுமணி தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டதற்கு, "பூட்டிட்டாருங்களா?" என்றார்.

கல்ட் படம் என்று இப்போது எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். கல்ட் படம் என்றால், வந்த காலத்தில் தியேட்டரில் பல்லி மட்டும் பார்த்த படம். அந்தப் பல்லிகளின் பேரன் பேத்திகள் இப்போது விமர்சனம் எழுதுகின்றன.

கிடங்குக்கு என்று சில சட்டங்கள் வைத்திருந்தேன். போனை உள்ளே கொண்டுவரக் கூடாது. என் மனைவி பங்காரம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று வாசலில் இருக்கும். அவள் இருந்தவரைக்கும் அதில் பொங்கல் வைத்தாள். இப்போது போனையெல்லாம் அதில் போட்டு மூடிவிட்டு உள்ளே வர வேண்டும். அடுத்தது, பாதியில் கதவைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் உள்ளே விழுந்தால் திரை வெளுத்துவிடும். அதனால் இரும்புக் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். இந்தச் சட்டங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகச் செய்தவை அல்ல. பல வருடமாக இருப்பவை. வேலுமணியைக் கேளுங்கள், அவரும் சொல்வார்.

இப்போது 'வடக்கயிறு' பற்றி. நாற்பது நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய படம். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தடித்த கயிற்றைத்தான் அப்படிச் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள் பூமித் தகராறு. தம்பி கிணற்றில் விழுந்துவிடுகிறான். அண்ணன் தோளில் கயிறு இருக்கிறது. மேட்டில் உட்கார்ந்து பார்க்கிறான். போடுவானா மாட்டானா என்பதுதான் மிச்சப் படம். இதில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரை ஒன்றும் நடித்தது. முதல் நாள் எடுத்ததை அதற்கும் போட்டுக் காட்டினோம். பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து இடது பக்கம் திரும்பி நிற்க மாட்டேன் என்றுவிட்டது. அந்தப் பக்கம் காது சின்னதாகத் தெரிகிறதாம்.

குதிரை விஷயத்தில் கொஞ்சம் கூட்டிவிட்டேன். இனிமேல் கூட்டல் இல்லை.

படத்தை எடுத்தது யார் என்று நீங்கள் கேட்டபோது போஸ்டரில் 'வெங்கி' என்று இருக்கும் என்றேன். அது நான்தான். என் தகப்பனார் மில்லைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் கேமராவோடு கிணற்றுக்குள் இறங்கினேன். கடைசி ரீலில் பேச்சில்லை, பாட்டில்லை. அண்ணன் கயிற்றைப் போடுவதில்லை. தண்ணீரில் அலை அடங்குவதை மட்டும் காட்டிக்கொண்டே இருப்பேன். வளையம் வளையமாக வந்து, கடைசி வளையமும் கரையைத் தொட்டு, தண்ணீர் கண்ணாடியாக ஆகும்வரை. அண்ணன் முகம் அதில் தெரியும். அதோடு முடிந்தது. எங்கும் யாரும் அப்படி ஒரு முடிவு வைத்ததில்லை. நான் உலகப் படமெல்லாம் பார்த்த பிறகு சொல்கிறேன்.

படம் ஓடவில்லை. ஜனங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள் என்று வினியோகஸ்தர் சொன்னார். அந்த வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருடம் வாழ்ந்தேன். தகப்பனார் என்னைக் கழிவுப் பஞ்சுப் பிரிவில் உட்கார வைத்தார். நான் வருத்தப்படவில்லை. முடிவு தாங்காமல்தான் ஜனங்கள் பேசாமல் போயிருக்கிறார்கள், பேச வாய் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன். கழிவுப் பஞ்சு தூசியில் இருமிக்கொண்டே அதை நினைப்பது சுகமாக இருக்கும்.

போன வருடம் பாலக்காட்டில் எவனிடமோ கிடந்த ஒரு பிரிண்டை நெட்டில் ஏற்றிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து அக்ஷிதா என்று ஒரு பெண் பழைய படங்களைப் பற்றி வீடியோ போடுகிறாள். கெட்டிக்காரி. அவள் 'வடக்கயிறு' பற்றிப் பேசியிருப்பதாக வேலுமணி போனில் காட்டினார். மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டே பார்த்தோம். தமிழில் மறந்துபோன கல்ட் படம் என்றாள். என் டீ வேட்டியில் சிந்தியது. பிறகு அவள் முடிவைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் கயிற்றோடு எழுந்து நிற்கிறான், சட்டென்று படம் முடிந்துவிடுகிறது, போட்டானா இல்லையா என்று நம்மிடமே விட்டுவிடுகிறார், இந்தத் துணிச்சல் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது என்றாள்.

அவன் எழுந்து நிற்பதோடு நான் முடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு ரீல் இருக்கிறது.

கவுண்டர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டுச் சொன்னார், "நாயுடு, கோவிச்சுக்காதீங்க. நம்ம கொட்டாயில முத ஆட்டம் முடியறதுக்குள்ள கடைசி டவுன் பஸ்சு போயிருமுங்க. சனம் பாதில எந்திரிச்சு எந்திரிச்சு ஓடும். அதுக்குன்னு கடைசி ரீல நானே எடுத்துப்போட்டனுங்க. ஒருத்தனும் ஏன்னு கேக்கலீங்களே."

அந்தக் காலத்துத் தியேட்டர்க்காரர்கள் பஸ்ஸுக்காக நறுக்குவார்கள் என்பது தெரியும். பாட்டை நறுக்குவார்கள், சண்டையை நறுக்க மாட்டார்கள். என் படத்தில் பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. கிணத்துக்கடவில்தான் முதலில் திரையிட்டோம். கவுண்டர் தன் யோசனையை மற்ற தியேட்டர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். படப்பெட்டி போன இடமெல்லாம் கடைசி ரீல் இல்லாமலே ஓடியிருக்கிறது. ஆக அந்த ஜனங்கள் பேசாமல் போனது, பஸ் பிடிக்க.

அந்த ரீல் டப்பா என்ன ஆயிற்று என்று வேலுமணி கேட்டார். மாட்டுக்குத் தவிடு அளக்க வைத்திருந்ததாகக் கவுண்டர் சொன்னார். அளவு கச்சிதமாக இருந்ததாம். பிறகு என் தோளில் தட்டி, "அந்தப் புள்ள பாராட்டறது நம்ம கத்திரியத்தானுங்களே. அப்பிடிப் பாத்தா டைரட்டரு நானுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை எங்கிருந்து வந்தாலும் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முழுப் பிரிண்ட் ஒன்று என் கட்டிலுக்கடியில் இருந்தது. சென்னையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கினேன். கவுண்டரிடம் முடிவைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றேன். அவருக்கும் ஆசை இருந்தது. வேலுமணிக்கு உறவில் கல்யாணம் இருந்த முகூர்த்த ஞாயிறாகப் பார்த்து வரச் சொன்னேன். மற்ற இருவருக்கும் அன்று படம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் படத்தை வெட்டியவர் தனியாகப் பார்ப்பதுதான் மரியாதை.

கவுண்டருக்கு நெஞ்சில் இரண்டு குழாய் வைத்திருக்கிறார்கள். வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போன் உறைக்குள், ஆதார் அட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். போன் எங்கேயோ மாத்திரையும் அங்கே. அவர் சம்சாரம் தெய்வாத்தாள் செய்த ஏற்பாடு. மனுசன் எதை மறந்தாலும் போனை மறக்க மாட்டார் என்று. புத்திசாலி அம்மணி. அவர் ஒவ்வொரு ஞாயிறும் போனை அண்டாவில் போடும் முன் மாத்திரையை மட்டும் உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். மறந்தால் நான் நினைவுபடுத்துவேன்.

அன்று மறந்தார். நான் நினைவுபடுத்தவில்லை.

முறுக்கு கொண்டுவந்திருந்தார். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் ஓடியது. தோட்டத்துச் சாளை வீட்டுக் காட்சியில் சிரித்தார், கிணற்றுக் காட்சி வந்ததும் முறுக்கைக் கீழே வைத்தார். அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் உட்காருகிற இடத்தில் அவர் நெஞ்சைத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"நாயுடு, மாத்திர அண்டாவுல கெடக்குது. கதவத் தொறங்க."

"கடைசி ரீல்தான் பாக்கி கவுண்டரே. உக்காருங்க."

வேடிக்கை என்று நினைத்திருப்பார். என் பேச்சு எப்போதும் அப்படித்தானே. எழுந்தார், கதவு வரை போனார், பூட்டைப் பிடித்து ஆட்டினார். திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "சாவியக் குடுங்க கண்ணு" என்றார். என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டது அன்றுதான். படத்திலும் தம்பி அப்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து கயிறு கேட்கிறான். என் நடிகன் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியிருப்பான். கவுண்டர் அளவாகச் செய்தார். படம் எடுத்த அன்றைக்கே அந்த வேஷத்துக்கு அவரைப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

வெளியே அண்டாவுக்குள் போன் அடித்தது. மூடிய பித்தளை, இரும்புக் கதவு, இவ்வளவையும் தாண்டி எங்கோ கோயிலில் மணி அடிப்பது மாதிரிக் கேட்டது. மாத்திரை போட்டாரா என்று கேட்கத் தெய்வாத்தாள் கூப்பிட்டதாக நீங்கள் சொன்னீர்கள். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. படத்தில் சத்தமே இல்லாத இடம் அது. முறுக்கைவிட இடைஞ்சலாக இருந்தது.

நான் அவரைத் தூக்கி நாற்காலியில் நேராக உட்கார வைத்தேன். அவருடைய தியேட்டர் நாற்காலிதான். முதுகு உயரம், இரண்டு பக்கமும் கை. சரியவில்லை.

கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை உறையில் இருந்தது எனக்குத் தெரியும். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் கேட்டார். திறக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. திறக்கவில்லை. தெரியாமல் நடந்தது, பதற்றத்தில் நடந்தது என்று வக்கீல் எழுதச் சொல்கிறார். எனக்குப் பதற்றம் இல்லை. தெய்வாத்தாள் அம்மணியிடம், அவர் யாருமில்லாத இடத்தில் அநாதையாகக் கிடக்கவில்லை, படம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள்.

கடைசி ரீல் முழுக்க ஓடியது. இத்தனை வருடத்தில் என்னைத் தவிர இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்க அது ஓடியது அன்றுதான். கடைசி வளையம் கரையைத் தொட்டுத் தண்ணீர் கண்ணாடி ஆனபோது திரும்பிப் பார்த்தேன். கவுண்டர் கண் இமைக்கவில்லை. திரையின் வெளிச்சம் அவர் இரண்டு கண்ணிலும் இருந்தது. கடைசி ரீல் தொடங்கும் முன்பே உயிர் போயிருக்கும் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். டாக்டர் படித்தவர், ஆனால் அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடிவு எப்படி இருக்கிறது கவுண்டரே என்று கேட்டேன். குறை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.